ஸ்டேண்ட்பைல இருக்கான் நம்ம பய

இந்த வருஷப் பொங்கலுக்கு (2026) ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டைல என் கூட பன்னெண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து படிச்சவன் ஒருத்தன் இருக்கான். நான் இஞ்சினியரிங் படிச்சு பொட்டி தட்டப் போயிட்டேன். அவன் பைலட். சரியாச் சொல்லணும்னா ஃபர்ஸ்ட் ஆஃபீசர், நம்ம வழக்கத்துல கோ-பைலட். பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம், பய வேலை பாக்கணும்ல. வீட்டுக்குப் போனா ஆளக் காணோம். மாமா (அவங்க அப்பா) மட்டும் திண்ணைல உக்காந்து கரும்பு கடிச்சிட்டு இருந்தாரு. ஃபோன் போட்டேன்.

"எலே மாப்ள, பொங்கலுக்கும் வரலியாலே?"

"ஸ்டேண்ட்பை மக்கா. காலைல நாலு மணில இருந்து."

"கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சும்மாதான இருக்க? அதுக்கு இங்க வந்து இருந்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "சும்மா இருக்கறதுக்கு மூணு மணிக்கே எந்திரிச்சு ஷேவ் பண்ணி, யூனிஃபார்ம அயர்ன் பண்ணித் தொங்க விட்டுட்டு, ஃபோன நெஞ்சுல வச்சுக்கிட்டு கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கேன் மக்கா. நீ சொல்லு, இது சும்மாவா?"

என்கிட்ட பதில் இல்ல. அதான் இந்தப் பதிவு.

ஸ்டேண்ட்பைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு (எனக்கே அன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது). ஒரு விமானம் கிளம்ப வலதுபக்க சீட்டுல ஒருத்தர், இடதுபக்க சீட்டுல ஒருத்தர் கண்டிப்பா வேணும். யாருக்காவது திடீர்னு காய்ச்சல் வரலாம், முந்தின ஃப்ளைட் லேட்டாகி ஒருத்தரோட டூட்டி நேரம் தீர்ந்து போகலாம், மழைல விமானம் வேற ஊர்ல போய் இறங்கலாம். அப்போ அந்த சீட்டுல உக்கார ஒரு ஆள் தயாரா இருக்கணும். அமெரிக்காவுல ரிசர்வ்னு சொல்றாங்க, இங்க ஸ்டேண்ட்பை. வீட்டுல ஸ்டேண்ட்பை உண்டு, ஏர்போர்ட்லயே யூனிஃபார்ம் மாட்டிட்டு உக்காந்திருக்கற ஸ்டேண்ட்பையும் உண்டு. நம்ம பய கம்பெனில வீட்டு ஸ்டேண்ட்பைன்னா கூப்பிட்ட தொண்ணூறு நிமிஷத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். பேஸ் வேற மாநிலத்துல. திருநெல்வேலில இருந்துக்கிட்டு அது நடக்குமா? 2023 செப்டம்பர்ல விட்ட வந்தே பாரத்தே சென்னை போக ஏழே முக்கால் மணி நேரத்துக்கு மேல எடுத்துக்குது. வாகைக்குளம் ஏர்போர்ட் முன்ன மாதிரி இல்ல, 1,350 மீட்டர் ரன்வேய மூவாயிரம் மீட்டருக்கு மேல நீட்டி, 2025 ஜூலை 26 அன்னைக்குப் பிரதமர் வந்து புது டெர்மினலத் திறந்து வச்சாரு, எல்லாம் சரி. ஆனா இவனக் கூப்பிடற நேரத்துக்கு அங்க ஃப்ளைட் கிளம்பாதே!

அதனால ஏர்போர்ட் பக்கத்துலயே நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு. சினிமா கிடையாது, கடைத்தெரு கிடையாது. தண்ணி அடிக்கற பழக்கம் இவனுக்கு இல்ல, இருந்தாலும் பறக்கறதுக்கு பன்னெண்டு மணி நேரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்னு சட்டம். ஊதிக் காட்டிட்டுத்தான் விமானத்துல ஏறணும். ஸ்டேண்ட்பைன்னா எப்பக் கூப்பிடுவான்னே தெரியாதே, அப்ப அந்த பன்னெண்டு மணி நேரத்த எங்க இருந்து எண்றது? தூங்கலாம்தான். ஆனா எந்த நிமிஷமும் அடிக்கப் போற ஃபோன் பக்கத்துல இருக்கும்போது வர்ற தூக்கம் என்ன தூக்கம்னு, ஆன்-கால் பாத்த நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துருச்சுன்னு ஃபோன் வந்தா, கண்ணக் கசக்கிக்கிட்டு ஒரு தப்பான கமாண்ட் அடிச்சுட்டு ரோல்பேக் பண்ணிக்கலாம். அவனுக்கு ரோல்பேக் கிடையாது.

இப்ப மேட்டருக்கு வரேன். "லட்சத்துல சம்பளம் வாங்குறவனுக்கு என்னய்யா கஷ்டம்?"னு பின்னூட்டத்துல கும்மத் தயாரா இருக்கற அண்ணாச்சிகள் கொஞ்சம் பொறுங்க.

முதல்ல கடன். மாமா சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல இருந்த ரெண்டு போக வயல வித்தாரு. கார், பிசானம் ரெண்டும் விளையற வயல். பத்தாததுக்கு வீட்டு மேல பேங்க்ல அறுபது லட்சம். பதினொரு சதவீத வட்டி, பத்து வருஷம்னு போட்டுப் பாருங்க, மாசம் எண்பதாயிரத்துக்கு மேல ஈஎம்ஐ. வெளி மாநிலத்துல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல். 200 மணி நேரம் பறந்தாத்தான் கமர்ஷியல் பைலட் லைசன்ஸ். ஒன்றரை வருஷத்துல முடிச்சுத் தரோம்னு சொன்னவங்க, விமானம் ரிப்பேர், இன்ஸ்ட்ரக்டர் இல்ல, மழைன்னு இழுத்து மூணு வருஷமாக்கிட்டாங்க. லைசன்ஸ் கைக்கு வந்த வருஷம் 2019. அந்த வருஷம் ஏப்ரல் 17 அன்னைக்குத்தான் ஜெட் ஏர்வேஸ் கடைசியாப் பறந்துது. ஆயிரக்கணக்குல மணி நேரம் பறந்த பைலட்டுகளே தெருவுக்கு வந்துட்டாங்க, 200 மணி நேரக்காரன யாரு சீந்துவா? அடுத்த வருஷம் கொரோனா. மகாராஜநகர்ல பிள்ளைகளுக்கு கணக்கு டியூஷன் எடுத்துட்டு இருந்தான். மருத்துவப் பரிசோதனை, லைசன்ஸ் புதுப்பிக்கன்னு அதுக்கு வேற தனியாச் செலவு. வேலை கிடைச்சது 2023 ஆரம்பத்துலதான்.

2023ல டிஜிசிஏ கொடுத்த கமர்ஷியல் லைசன்ஸ் மொத்தம் 1,622. அதே வருஷம் ஏர் இந்தியா 470 விமானம் ஆர்டர், இண்டிகோ 500 விமானம் ஆர்டர். பேப்பர் பூரா "பைலட் பற்றாக்குறை"ன்னு கொட்டை எழுத்து. அதப் படிச்சிட்டு எத்தனை அப்பாக்கள் வயல வித்திருப்பாங்களோ! ஆனா இந்தப் பற்றாக்குறைங்கற வார்த்தைல ஒரு சூது இருக்கு. பற்றாக்குறை கேப்டனுக்குத்தான். கோ-பைலட்டுக்கு இல்ல.

இதுக்கு நல்ல சாட்சி 2025 டிசம்பர் கூத்து. நாடு பூரா இண்டிகோ விமானங்கள் ரத்தாச்சே, டிசம்பர் 5 அன்னைக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல, அதே கூத்து. விஷயம் என்னன்னா, பைலட்டுகளுக்கு வாராந்திர ஓய்வ 36 மணி நேரத்துல இருந்து 48 ஆக்கியும், ராத்திரி நேரத்துல இறங்கறத ஆறுல இருந்து ரெண்டாக் குறைச்சும் டிஜிசிஏ 2024 ஜனவரிலயே விதி போட்டுருச்சு. கம்பெனிகள் இழுத்தடிக்க, பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசில 2025 ஜூலை 1, நவம்பர் 1னு ரெண்டு தவணையா அமலாச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ அவகாசம். அப்படியும் ஆள் எடுக்கல. அப்போ வெளிய வந்த கணக்கப் பாருங்க: புது விதிப்படி அவங்க ஏ320 விமானங்களுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422, இருந்தது 2,357. தேவைப்பட்ட ஃபர்ஸ்ட் ஆஃபீசர்கள் 2,153, இருந்தது 2,194.

திரும்பப் படிங்க. கேப்டன் 65 பேர் கம்மி. கோ-பைலட் 41 பேர் ஜாஸ்தி!

கேப்டன் இல்லாம ஒரு ஃப்ளைட் ரத்தானா, அதுல போக வேண்டிய கோ-பைலட்டும் பறக்கல. அவன் எங்க போவான்? ஸ்டேண்ட்பைக்குத்தான். சரி, அப்ப அவன கேப்டனாக்கிட வேண்டியதுதானேன்னா, அதுக்கு மணி நேரம் வேணும்.

நம்ம பய வாழ்க்கைய உண்மைல தின்னுட்டு இருக்கறது இந்த மணி நேரக் கணக்குதான். கேப்டனாக ஏடிபிஎல்னு ஒரு லைசன்ஸ் வேணும், அதுக்குக் குறைஞ்சபட்சம் 1,500 மணி நேரம். கம்பெனிகள் அதுக்கு மேலயும் கேப்பாங்க. 200ல சேர்ந்தவன் இன்னும் 1,300 பறக்கணும். மாசம் 65 மணி நேரம் பறந்தா இருபது மாசம். மாசம் 30 மணி நேரம்னா? நாப்பத்து மூணு மாசம்! ஸ்டேண்ட்பைல உக்காந்திருக்கற நேரம் லாக்புக்ல ஏறாது. மூணு மணிக்கு எந்திரிச்சதோ, ஷேவ் பண்ணதோ, பொங்கலுக்குப் போகாததோ எந்தக் கட்டத்துலயும் வராது. இவன் கூட அதே பேட்ச்ல சேர்ந்து வேற பேஸ் கிடைச்ச ஒருத்தன் 2,100 தாண்டிட்டான். இவன் இன்னும் 1,400ல நிக்கான். ரெண்டு பேருக்கும் திறமைல வித்தியாசம் இல்ல, ரோஸ்டர்லதான் வித்தியாசம். நாளைக்குக் கேப்டன் போஸ்ட் வந்தா அவன் போவான். இவன் அப்பவும் ஃபோனப் பாத்துட்டு இருப்பான்.

சரி, பிடிக்கலன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாமே? நாம பேப்பர் போடற மாதிரி இல்லங்க. 2017ல வந்த விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாசம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ். 2023ல ஆகாசா ஏர்ல நோட்டீஸ் முடிக்காமக் கிளம்பின 43 பைலட்டுகள் மேல கம்பெனி கோர்ட்டுக்கே போச்சு. நமக்குத் தொண்ணூறு நாள் நோட்டீஸ்னாலே என்னா புலம்பு புலம்புறோம்!

அடுத்தது சம்பளம். 2024 ஏப்ரல்ல விஸ்தாரால நடந்தது ஞாபகம் இருக்கா? ஏர் இந்தியாவோட சேரப் போறாங்கன்னு புது ஒப்பந்தம் நீட்டினாங்க. அது வரைக்கும் மாசம் 70 மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி, பறந்தாலும் பறக்காட்டியும். புது ஒப்பந்தத்துல 40 மணி நேரம்தான் உறுதி, அதுக்கு மேல பறந்தாத்தான் காசு. பைலட்டுகள் கூட்டம் கூட்டமா உடம்பு சரியில்லன்னு லீவு போட்டாங்க, முக்கியமா கோ-பைலட்டுகள். விமானங்கள் வரிசையா ரத்தாகி, தினம் 25, 30 ஃப்ளைட்ட கம்பெனியே குறைக்க வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் நவம்பர் 12 அன்னைக்கு விஸ்தாராங்கற பேரே ஏர் இந்தியாக்குள்ள போயிருச்சு.

அப்ப டீவில உக்காந்து "பேராசை"ன்னு பேசினவங்க உண்டு. அந்த எழுபதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல இருக்கற முப்பது மணி நேரம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் மாசத்துல பாதி நாள் ஸ்டேண்ட்பைல இருந்து 30 மணி நேரம்தான் பறந்தான்னு வைங்க. முதல் கணக்குல அவனுக்கு 70 மணி நேரச் சம்பளம், அவன் காத்திருந்ததுக்கு கம்பெனி காசு கொடுக்குது. ரெண்டாவது கணக்குல அந்தக் காத்திருப்புக்கான செலவு அப்படியே அவன் தலைல. எந்த நாள் ஸ்டேண்ட்பை, எந்த நாள் ஃப்ளைட்னு முடிவு பண்றதும் கம்பெனிதான். பறக்க மாட்டேன்னா சொன்னான் அவன்? கூப்பிடல, அவ்வளவுதான்.

நம்ம தொழில்ல ஒண்ணு கேக்கறேன். முக்கியமான டேட்டாபேஸ் எதுக்கும் பக்கத்துல இன்னொரு மெஷின் சும்மா ஓடிட்டு இருக்கும்ல, அதுக்குப் பேரே ஹாட் ஸ்டேண்ட்பை. அதுல ஒரு கஸ்டமரும் வந்து எதையும் தேட மாட்டான். மெயின் மெஷின் படுத்தா மட்டும் அதுக்கு வேலை. "இந்த மாசம் உன் மெஷின நான் யூஸ் பண்ணல, வாடகை தர மாட்டேன்"னு க்ளவுட்காரன்கிட்ட சொல்லிப் பாருங்களேன், சிரிப்பான் :-) மெஷின் சும்மா இருந்தா அதுக்குப் பேரு பாதுகாப்பு, மனுஷன் சும்மா இருந்தா மட்டும் தண்டச் செலவா? டிசம்பர்ல லட்சக்கணக்கான பேர் பொட்டியோட ஏர்போர்ட் தரைல படுத்துக் கிடந்தாங்களே, அது ஸ்டேண்ட்பை ஆளத் தண்டச் செலவுன்னு நினைச்சு ஒட்ட வெட்டினதோட பலன். கடைசில அரசாங்கம் என்ன பண்ணுச்சு? இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் ராத்திரி டூட்டி விதில விலக்கு கொடுத்துச்சு. பத்து சதவீத ஃப்ளைட்டக் குறைக்கச் சொன்னதும் உண்மைதான். ஆனா ஓய்வு விதியும் அன்னைக்குத் தளர்ந்துச்சே, அந்த ஓய்வு யாரோடது?

ஓய்வுன்ன உடனே அமெரிக்கக் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 2009 பிப்ரவரி 12, நியூயார்க் மாநிலத்துல பஃபலோ ஊருக்குப் பக்கத்துல கோல்கன் ஏர்னு ஒரு சின்னக் கம்பெனியோட விமானம் விழுந்து ஐம்பது பேர் செத்தாங்க. அதுல கோ-பைலட்டா இருந்த பொண்ணுக்கு வயசு 24. வருஷச் சம்பளம் பதினாறாயிரம் டாலர் சொச்சம். நியூவார்க் பக்கத்துல வாடகைக்கு வீடு எடுக்கக் கட்டாது. அப்பா அம்மா இருந்தது நாட்டோட அந்தக் கோடில, சியாட்டில் பக்கம். ராத்திரி முழுக்க சரக்கு விமானத்துல தொத்திக்கிட்டு வந்து, ஊழியர் ஓய்வறை சோஃபால கொஞ்சம் கண்ணசந்துட்டு டூட்டிக்குப் போனா. விபத்துக்குக் காரணம் கேப்டன் தப்பா லீவர இழுத்ததுன்னு விசாரணைல வந்துச்சு, தூக்கமில்லாததுதான்னு அவங்க எழுதல. ஆனா அந்த விசாரணைக்கு அப்புறம்தான் அமெரிக்கால கோ-பைலட்டுக்கும் பொதுவா 1,500 மணி நேரம் வேணும்னு 2013ல சட்டம் வந்துச்சு, 2014ல புது ஓய்வு விதிகளும் வந்துச்சு. ஏர்போர்ட்லயோ வீட்டுலயோ ரிசர்வ்ல காத்திருக்கற நேரத்துக்கும் கணக்கு வழக்கு வந்துச்சு. ஐம்பது உசிரு போன பிறகு.

அங்கயும் சீனியர்னா நல்ல லைன், புதுசா வந்தவன்னா ரிசர்வ்தான். சின்னக் கம்பெனிகள்ல வருஷக் கணக்குல ரிசர்வ்லயே கிடந்தவங்க உண்டு. ஆனா ரிசர்வ்ல இருந்தா மாசத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் உறுதின்னு யூனியன் பேசி வாங்கி வச்சிருக்கு. நான் கேக்கறதும் பெருசா ஒண்ணுமில்ல. அந்த உறுதி மணி நேரத்தக் குறைக்காத. ஸ்டேண்ட்பைய ஒரே ஆள் தலைல கட்டாம சமமாப் பிரிச்சுக் கொடு. ஒரே பேட்ச்ல ஒருத்தன் 2,100, ஒருத்தன் 1,400ன்னு ஆனா, ஏன்னு கேக்க ஒரு இடம் இருக்கட்டும். ரோஸ்டர் எழுதற சாஃப்ட்வேருக்கு இது ஒரு கன்ஸ்ட்ரெய்ன்ட், அவ்வளவுதான். வேணும்னா நானே கோடு எழுதித் தரேன் (ஹி ஹி).

இன்னொண்ணு. இதெல்லாம் பைலட் பிரச்சினைன்னு நாம தள்ளி உக்காந்துர முடியாது. 2025 ஜூன்ல டிசிஎஸ் கொண்டு வந்த விதி ஞாபகம் இருக்குல்ல? வருஷத்துல 225 நாள் பில்லபிளா இருக்கணும், பெஞ்ச் 35 நாளுக்கு மேல கூடாது. ப்ராஜெக்ட் கொண்டு வர வேண்டியது யாரு, பெஞ்ச்ல உக்காந்திருக்கறவனா?

"சூரரைப் போற்று" வந்தப்ப (2020, கொரோனா காலம், ஓடிடில) நம்ம பய டியூஷன் பிள்ளைகளோட உக்காந்து பாத்தான். ஏர்லைன்ஸ் ஆரம்பிச்சவரு கதை. வலதுபக்க சீட்டுல இருக்கறவன் கதைய யாரும் எடுக்க மாட்டாங்கடான்னு அன்னைக்கு சிரிச்சான். அவனுக்கு அப்ப அந்த சீட்டு கூடக் கிடைக்கல.

பொங்கல் அன்னைக்கு நான் ஃபோன வச்சதும் மாமா கேட்டாரு, "என்னவாம்?" சொன்னேன். காத்திருக்கறதுக்குக் காசு கொடுக்கலாமா கூடாதான்னு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வாதம் பண்ணிட்டு இருக்காங்க மாமான்னேன். கரும்புச் சக்கையத் துப்பிட்டு அவரு சொன்னது:

"எய்யா, நம்ம வயக்காட்டுல தண்ணி பாய்ச்சுறவருக்கு அறுப்பு முடிஞ்சு நெல் அளப்போம்லா. எத்தன தடவ மடையத் தொறந்தாருன்னு எண்ணியா அளந்தோம்? பாபநாசம் அணை நிறைஞ்ச வருசமும் அதே நெல்லுதான், கால்வாய்ல தண்ணி வராம அந்த மனுசன் ராத்திரி பூரா வரப்புல உக்காந்திருந்த வருசமும் அதே நெல்லுதான். உக்காந்திருந்தாருல்லா?"

அந்த வயல்தான் இப்ப இல்ல.

நேத்து வாட்ஸப்ல மெசேஜ் போட்டிருந்தான். அடுத்த மாச ரோஸ்டர் வந்துருச்சாம், பதினோரு நாள் ஸ்டேண்ட்பை. ஆனித் தேருக்கு ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கான். இன்னும் பதில் வரல.